சொல்லாததா, பூஜ்ஜியமா?

டீக்கடையில் போய் "மாஸ்டர், ஒரு டீ" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்ட டீ வருகிறது. எவ்வளவு சர்க்கரை என்று நாமும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வழக்கமான அளவைப் போட்டு ஆற்றிக் கொடுத்துவிடுகிறார். "சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்றால் வேறு டீ வருகிறது. முதல் முறை சர்க்கரையைப் பற்றி நாம் வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தோம், ஆனால் நாம் சொன்ன அளவு பூஜ்ஜியம். இந்த இரண்டையும் எந்த மாஸ்டரும் ஒன்றென்று நினைப்பதில்லை.

கணினி நிரல்கள் நினைக்கின்றன. ஒன்றும் சொல்லாமல் விட்டதையும், 'ஒன்றும் வேண்டாம்' என்று சொன்னதையும் பிரித்தறிய இணையத்தையும் அலுவலகங்களையும் தாங்கி நிற்கும் ஸ்கிரிப்ட் மொழிகள் பல பத்தாண்டுகள் தடுமாறியிருக்கின்றன. சில இன்னும் தடுமாறுகின்றன. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இதனால் தேதிகள் பிழையாகப் பதிவாகியிருக்கின்றன, கோப்புகள் கூண்டோடு அழிந்திருக்கின்றன.

முதலில் சில சொற்கள். ஒரு வேலைக்கான கட்டளைகளைச் சேர்த்துக் கட்டி, அதற்கொரு பெயர் வைத்தால் அது செயற்கூறு. நிரலர்கள் பேச்சில் ஃபங்ஷன். அதை அழைக்கும்போது கூடவே கொடுத்தனுப்பும் மதிப்புகள் உள்ளீடுகள், அதாவது ஆர்க்யுமெண்ட்கள். 'டீ போடு' என்பது செயற்கூறு என்றால் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, ஸ்ட்ராங்கா லைட்டா என்பவை உள்ளீடுகள். சில உள்ளீடுகளைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். சிலவற்றைக் கொடுத்தால் கொடுக்கலாம், விட்டால் விடலாம். விட்டுவிட்டால் செயற்கூறு தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புக்கு முன்னிருப்பு மதிப்பு என்று பெயர். டிஃபால்ட் என்று நாம் தினமும் சொல்வது இதைத்தான்.

இப்போது ஜாவாஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். உலகின் ஏறத்தாழ எல்லா இணையதளங்களிலும் ஓடும் மொழி இது. 1995ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். உள்ளீடுகள் விஷயத்தில் இந்த மொழி மிகவும் தாராளம். மூன்று உள்ளீடு எதிர்பார்க்கும் செயற்கூறுக்கு ஒன்றைக் கொடுத்தாலும் புகார் சொல்லாது. கொடுக்காத இடங்களில் 'அன்டிஃபைன்ட்' என்ற தனி மதிப்பை, அதாவது வரையறுக்கப்படாதது என்ற முத்திரையை, வைத்துக்கொள்ளும். ஐந்து கொடுத்தால் மிச்சம் இரண்டைக் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்க்கும். ஆனால் 'சர்க்கரை சொல்லாவிட்டால் 2 ஸ்பூன்' என்று முன்னிருப்பு எழுதிவைக்க அந்த மொழியில் தொடக்கத்தில் நேரடி வழி இருக்கவில்லை.

வழி இல்லாத இடத்தில் நிரலர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். செயற்கூறின் முதல் வரியில் 'சர்க்கரை = சர்க்கரை || 2' என்று எழுதினார்கள். நடுவில் உள்ள இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு 'அல்லது' என்று பொருள். இடப்பக்கம் இருப்பது மெய் என்று கொள்ளத்தக்கதானால் அதை எடு, இல்லாவிட்டால் வலப்பக்கத்தில் இருப்பதை எடு. சர்க்கரை அளவு வரவில்லை என்றால் அங்கே அன்டிஃபைன்ட் இருக்கும். அது பொய்க் கணக்கு. எனவே 2 ஸ்பூன் விழும். எழுத எளிது, படிக்க எளிது. ஆயிரக்கணக்கான நிரல் நூலகங்களிலும் பாடநூல்களிலும் இந்த ஒரு வரி இடம்பிடித்தது.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அன்டிஃபைன்ட் மட்டும் பொய் அல்ல. பூஜ்ஜியமும் பொய், எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லும் பொய். ஆக, 'சர்க்கரை 0' என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னாலும் அந்த வரி அதைக் கேட்காது. சர்க்கரை நோயாளியின் கோப்பையில் இரண்டு ஸ்பூன் விழும். ஒலியளவை 0 என்று வைத்தால் முன்னிருப்பு அளவில் அலறும் ஒலிப்பான், தள்ளுபடி 0 என்று எழுதினால் தானாகவே 10 சதவீதம் தள்ளும் ரசீது என்று இதே பிழையைப் பல வேடங்களில் பார்க்கலாம். இது எளிதில் அகப்படாததற்கும் காரணம் உண்டு. எழுதியவர் 1, 3, 5 என்று போட்டுச் சோதித்துப் பார்ப்பார், எல்லாம் சரியாக வரும். ஒன்றும் கொடுக்காமலும் பார்ப்பார், அதுவும் சரியாக வரும். பூஜ்ஜியத்தைப் போட்டுப் பார்க்கத் தோன்றுவதில்லை.

2015இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பில்தான் முன்னிருப்பு மதிப்பை முறையாக எழுத இடம் கிடைத்தது. அதில் உள்ளீடு அன்டிஃபைன்ட் ஆக இருந்தால் மட்டுமே முன்னிருப்பு வரும். பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே உள்ளே போகும். 2020இல் இரண்டு கேள்விக்குறிகளை அடுத்தடுத்துப் போட்டு எழுதும் '??' என்ற குறி வந்தது. 'உண்மையிலேயே ஒன்றும் இல்லையென்றால் மட்டும் வலப்பக்கத்தை எடு' என்பது அதன் பொருள். பெர்ல் மொழி இதைப் போன்றதொரு குறியை 2007இலேயே சேர்த்துவிட்டது. 1987இல் பிறந்த மொழிக்கு அதற்கே இருபது ஆண்டுகள் ஆயின.

முன்னிருப்பு மதிப்பை இயந்திரமே ஊகிக்கப் புகுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜாவாஸ்கிரிப்டின் 'பார்ஸ்இன்ட்' நல்ல சாட்சி. எழுத்தாக வரும் எண்ணை உண்மையான எண்ணாக மாற்றும் செயற்கூறு அது. அதற்கு இரண்டு உள்ளீடுகள். முதலாவது, மாற்ற வேண்டிய எழுத்து. இரண்டாவது, எத்தனை அடிமானத்தில் படிக்க வேண்டும் என்பது: நாம் எண்ணுவது 10 அடிமானம், கணினியின் இரும எண்கள் 2 அடிமானம். இரண்டாவதை விட்டுவிடலாம். விட்டால், பழைய உலாவிகள் பல எண்ணின் முகத்தைப் பார்த்து ஊகித்தன. முதல் இலக்கம் 0 என்றால் அது எட்டடிமான எண் என்று முடிவுகட்டின.

தேதிப் படிவங்களில் மாதத்தை 07, 08, 09 என்று எழுதுவது வழக்கம். 07 எட்டடிமானத்திலும் 7தான், சிக்கல் இல்லை. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. எனவே 08ஐப் படிக்கப் போன பார்ஸ்இன்ட் முதல் 0வோடு நின்று 0 என்று விடை சொன்னது. 09க்கும் அதே கதி. ஜூலை வரை ஒழுங்காக ஓடிய நிரல் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டும் உளறியது, அக்டோபர் பிறந்ததும் தானாகச் சரியானது! இந்த ஊகத்தை 2009ஆம் ஆண்டின் தரநிலை நீக்கியது.

அதே பார்ஸ்இன்ட்டை வைத்து நிரலர்கள் ஒருவருக்கொருவர் போடும் ஒரு புதிர் உண்டு. "10", "10", "10" என்று மூன்று எழுத்துகளை ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பார்ஸ்இன்ட்டை ஓட்டும்படி 'மேப்' என்ற செயற்கூறிடம் சொன்னால் என்ன வரும்? 10, 10, 10 என்றுதான் யாரும் சொல்வார்கள். வருவதோ 10, 'எண்ணே அல்ல', 2.

மேப் தன் வேலையாளுக்கு ஒவ்வொரு முறையும் மூன்று உள்ளீடுகளைக் கொடுக்கிறது: பட்டியலில் உள்ள பொருள், அதன் வரிசை எண், முழுப் பட்டியல். வரிசை எண் 0, 1, 2 என்று போகும். பார்ஸ்இன்ட் அந்த வரிசை எண்ணை அடிமானம் என்று எடுத்துக்கொள்கிறது. மூன்றாவதைத் தாராள மனத்தோடு கண்டுகொள்ளாமல் விடுகிறது. கடைசிப் பொருளுக்கு அடிமானம் 2. இரும எண்ணில் 10 என்றால் 2, விடை சரி. நடுப்பொருளுக்கு அடிமானம் 1. அப்படி ஒரு அடிமானத்தை பார்ஸ்இன்ட் ஏற்பதில்லை, அதனால் 'எண்ணே அல்ல'. முதல் பொருளுக்கு அடிமானம் 0. அதுவும் பொருளற்றதுதானே, அங்கே மட்டும் எப்படிச் சரியாக 10 வந்தது? பார்ஸ்இன்ட்டின் விதியில், அடிமானம் 0 என்று வந்தால் 'சொல்லவில்லை' என்று கொள்ள வேண்டும் என எழுதியிருக்கிறது. எனவே வழக்கமான 10 அடிமானத்தை எடுத்துக்கொண்டது. சொன்ன பூஜ்ஜியமும் சொல்லாத மௌனமும் இங்கே சட்டப்படியே ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. அடிமானத்துக்கு 0 ஒருபோதும் நியாயமான மதிப்பாக முடியாது, அதனால் இந்த இடத்தில் தீங்கில்லை. சர்க்கரைக்கு 0 நியாயமான மதிப்பு. எங்கே ஒன்றாக்கலாம், எங்கே கூடாது என்பதை '0 இங்கே நியாயமான மதிப்பா' என்ற ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.

சரி, ஒரு உள்ளீடு வரவே இல்லை என்பதைச் செயற்கூறு எப்படி அறிகிறது? அழைக்கும் நிரல் உள்ளீடுகளை நினைவகத்தில் வரிசையாக அடுக்கிவைக்கிறது, அழைக்கப்பட்டது வந்து எடுத்துக்கொள்கிறது. எத்தனை அடுக்கினேன் என்ற எண்ணிக்கையும் கூடவே போக வேண்டும். சி மொழியில் அது போவதில்லை. திரையில் எழுத உதவும் அதன் 'பிரிண்ட்எஃப்' எத்தனை உள்ளீடுகளை வேண்டுமானாலும் ஏற்கும். எத்தனை வந்தன என்பதைத் தன் முதல் உள்ளீடாக வரும் மாதிரி வாக்கியத்தில் உள்ள விழுக்காட்டுக் குறிகளைக் கொண்டுதான் அது முடிவு செய்கிறது. வாக்கியம் ஐந்து கேட்டு, அடுக்கில் இரண்டே இருந்தால், அது அடுத்து நினைவகத்தில் கிடப்பதை எல்லாம் உள்ளீடு என்று எடுத்துவிடும். தாக்குபவர் அந்த வாக்கியத்தை எழுத முடிந்தால் நினைவகமே அவர் கையில். 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்தத் தாக்குதல் முறை பரவலாகத் தெரியவந்து சர்வர்களைக் காப்பவர்களைக் கதிகலங்க வைத்தது. ஸ்கிரிப்ட் மொழிகள் எண்ணிக்கையைக் கூடவே அனுப்புவதால் இந்த ஆபத்திலிருந்து தப்பித்துக்கொண்டன.

அந்த எண்ணிக்கை உண்மையிலேயே போகிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். கணினியில் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் 'கன்சோல்' என்ற பகுதி வரும். தனக்கு வந்த உள்ளீடுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் ஒரு செயற்கூறை அங்கே எழுதுங்கள். ஒன்றும் கொடுக்காமல் அழைத்தால் 0 என்று சொல்லும். அன்டிஃபைன்ட் என்பதையே கையால் எழுதிக் கொடுத்தால் 1 என்று சொல்லும். உள்ளே வந்த மதிப்பு இரண்டு முறையும் ஒன்றே. எண்ணிக்கை மட்டும் உண்மையைச் சொல்கிறது.

இந்த உண்மையை மிகுந்த அக்கறையோடு பேணும் மொழியாக நான் கருதுவது லுவா. 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்தோ இயருசாலிம்ஸ்கியும் இரண்டு தோழர்களும் உருவாக்கியது. அதில் இன்மையைக் குறிக்கும் மதிப்புக்கு 'நில்' என்று பெயர். ஒரு பொருளின் வகையைச் சொல்லும் 'டைப்' என்ற செயற்கூறிடம் நில்லைக் கொடுத்தால் "நில்" என்று பதில் வரும். எதையும் கொடுக்காமல் அழைத்தால் 'மதிப்பு எதிர்பார்க்கப்படுகிறது' என்று பிழை காட்டி நின்றுவிடும். இல்லாததைக் கொடுப்பது வேறு, கொடுக்காமல் இருப்பது வேறு என்று அதற்குத் தெரிகிறது. லுவாவின் உட்புறத்தைத் திறந்து பார்த்தால் நில் வகைக்கு 0 என்ற எண்ணும், உள்ளீடே இல்லாத இடத்துக்கு -1 என்ற எண்ணும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தெளிவு லுவாவிலேயே எழுதப்படும் செயற்கூறுகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. பெயரிட்ட உள்ளீடு வராவிட்டாலும் நில், நில்லே வந்தாலும் நில். மூன்று புள்ளிகள் இட்டு 'எத்தனை வந்தாலும் சரி' என்று எழுதினால்தான் வேறுபாடு தெரியும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வந்தவற்றை ஒரு பட்டியலில் கொட்டினால் நில் இருந்த இடங்கள் ஓட்டையாகிவிடும், பட்டியலின் நீளமே நம்பத்தகாததாகிவிடும். 2006இல் வந்த 5.1 பதிப்பு, எண்ணிக்கையை நேராகக் கேட்க 'செலக்ட்' என்ற செயற்கூறில் ஒரு வழி வைத்தது. 2011இன் 5.2 பதிப்பு, எண்ணிக்கையையும் சேர்த்தே கட்டித்தரும் 'டேபிள் பேக்'கைக் கொண்டுவந்தது.

லுவா எங்கோ இருக்கும் மொழி அல்ல. 2013 முதல் விக்கிப்பீடியாவின் பல வார்ப்புருக்கள் லுவாவில் எழுதப்படுகின்றன, தமிழ் விக்கிப்பீடியாவிலும்தான். ஊரைப் பற்றிய கட்டுரையின் வலப்பக்கப் பெட்டியில் ஒரு புலத்தை அடியோடு விட்டுவிட்டால் வார்ப்புருவின் முன்னிருப்பு வரும். புலத்தின் பெயரை எழுதி, சமக்குறி போட்டு, அதற்குப் பின் வெற்றாக விட்டால் பல வார்ப்புருக்களில் முன்னிருப்பு வராது. வெற்றிடமே மதிப்பாக உள்ளே போகும். 'இரண்டும் காலிதானே, ஏன் இப்படி' என்று புதுப் பங்களிப்பாளர்கள் திகைப்பது இதனால்தான். மாதிரியிலிருந்து படியெடுத்து நிரப்பாமல் விட்ட வரிகளை நீக்கினால் பெட்டி பல நேரம் சரியாகிவிடும்.

பைத்தான் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. இரண்டு உள்ளீடு கேட்கும் செயற்கூறுக்கு மூன்றைக் கொடுத்தால் பிழை காட்டி நிற்கும். எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்றால் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உள்ளீட்டைப் பெயர் சொல்லியும் கொடுக்கலாம்: 'சர்க்கரை=0' என்று. வரிசை மறந்தாலும் பொருள் மாறாது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0, சில உள்ளீடுகளைப் பெயர் சொன்னால்தான் ஏற்பேன் என்று செயற்கூறு நிபந்தனை போடவும் இடம் கொடுத்தது. பார்ஸ்இன்ட் புதிருக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. வரிசை எண் வழிதவறி அடிமானத்தின் இடத்தில் போய் உட்கார அங்கே வாய்ப்பே இல்லை.

'சொன்னாரா, சொல்லவில்லையா' என்பதை பைத்தான் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு சொல்லையும் மதிப்பையும் இணைத்து வைக்கும் அதன் அகராதியிலிருந்து ஒரு பதிவை எடுத்து நீக்கும் 'பாப்' செயற்கூறைப் பாருங்கள். இல்லாத சொல்லைக் கேட்டால் பிழை வரும். 'இல்லாவிட்டால் நன் என்று கொடு' என இரண்டாவது உள்ளீடும் சேர்த்துக் கேட்டால் பிழை வராது, 'நன்' வரும். நன் என்பது பைத்தானில் இன்மையின் பெயர். இன்மையைக் கொடுத்ததற்கும் ஒன்றும் கொடுக்காததற்கும் பாப் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது. நாமே எழுதும் செயற்கூறில் இதைச் செய்ய ஒரு நேர்த்தியான உத்தி உண்டு. வேறு யாரிடமும் இல்லாத ஒரு வெற்றுப் பொருளை உருவாக்கி அதையே முன்னிருப்பாக வைத்துவிடுவது. உள்ளே வந்தது அந்தப் பொருளேயானால் யாரும் எதையும் கொடுக்கவில்லை என்று நிச்சயம், ஏனென்றால் அந்தப் பொருள் வெளியில் யார் கையிலும் இல்லை. நிரலர்கள் இதை சென்டினல் என்கிறார்கள். தமிழில் காவற்பொருள் எனலாம்.

பைத்தானுக்கும் அதற்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. முன்னிருப்பாக வெற்றுப் பட்டியலை வைத்தால், அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதிய வெற்றுப் பட்டியல் கிடைக்கும் என்றே எல்லோரும் நினைப்போம். பைத்தான் அந்தப் பட்டியலைச் செயற்கூறு உருவாகும்போது ஒரே ஒரு முறைதான் செய்கிறது, செய்து செயற்கூறோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. முதல் அழைப்பில் அதில் போட்டது இரண்டாம் அழைப்பிலும் அங்கேயே கிடக்கும். இணையதளம் ஒன்றில் இப்படி எழுதினால் ஒருவர் கூடையில் போட்ட பொருள் இன்னொருவர் கூடையில் தெரியும். செயற்கூறின் உள்ளே வைத்திருக்கும் முன்னிருப்புகளைப் பைத்தானிடம் கேட்டால் அப்படியே எடுத்துக் காட்டும். ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் கேட்டுப் பார்த்தால் பட்டியல் வளர்வது கண்ணெதிரே தெரியும். பாடநூலை நம்புவதைவிட இந்தச் சோதனை நன்றாக மனத்தில் நிற்கும்.

இந்த ஸ்கிரிப்ட் மொழிகளில் மிகப் பழையதும் மிக ஆபத்தானதும் யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்குக் கட்டளையிட உதவும் ஷெல் மொழி. 1979இல் யூனிக்ஸ் 7ஆம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லிலேயே முன்னிருப்புக்கு வழி இருந்தது. ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடத்துக்கு மாறி என்று பெயர். மாறியின் பெயருக்குப் பின் ஒரு கழித்தல் குறியும் மாற்று மதிப்பும் எழுதினால், மாறி அடியோடு இல்லாதபோது மாற்று வரும். பின்னர் கழித்தல் குறிக்கு முன் ஒரு முக்காற்புள்ளியைச் சேர்க்க வழி செய்தார்கள். அப்படிச் சேர்த்தால் மாறி இருந்து அது வெற்றாக இருந்தாலும் மாற்று வரும். மௌனத்தையும் வெறுமையையும் ஒன்றாகக் கொள்வதா வேண்டாமா என்பதை ஒற்றைக் குறியால் நிரலரே தேர்ந்தெடுக்கலாம். இத்தனை துல்லியமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

அதன் விலை 2015 ஜனவரியில் தெரிந்தது. ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் ஸ்கிரிப்டில், ஒரு மாறியில் உள்ள அடைவின், அதாவது ஃபோல்டரின், பெயரோடு சாய்வுக்கோட்டையும் நட்சத்திரக் குறியையும் சேர்த்து, அதற்குள் இருப்பதை எல்லாம் அழிக்கும் ஒரு வரி இருந்தது. பயனர் ஒருவர் ஸ்டீம் அடைவை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார். அதனால் அந்த மாறி வெற்றாகிவிட்டது. பெயர் போய் மிஞ்சியது சாய்வுக்கோடும் நட்சத்திரமும் மட்டும். ஷெல்லுக்கு அதன் பொருள், கணினியின் வேரிலிருந்து எல்லாமும். அழிக்க அனுமதி இருந்த அவருடைய கோப்புகள் அத்தனையும் போயின, கூடச் செருகியிருந்த காப்புநகல் வட்டில் இருந்தவையும் போயின. அந்த மாறிக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டிருந்தால், மாறி வெற்று என்று கண்டதும் ஷெல் அந்த வரியை ஓட்டாமலே நின்றிருக்கும். இரண்டே எழுத்துகள்.

நிரல் எழுதக் கற்பவர்களுக்கும், அதைவிடக் கற்பிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விருப்ப உள்ளீடு உள்ள எந்தச் செயற்கூறையும் ஒன்றும் கொடுக்காமல் ஒருமுறை, 0 கொடுத்து ஒருமுறை, வெற்றுச் சொல் கொடுத்து ஒருமுறை, இன்மையின் பெயரையே கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாணவர்கள் முன்னிருப்பு மதிப்பைப் படிக்கும் அந்த முதல் வகுப்பிலேயே இந்த நான்கு சோதனைகளையும் அவர்களைக் கொண்டே செய்யவையுங்கள்.